நூர்முகம்மது நிமிர்த்திய கதவு

நூர்முகம்மதுவுக்கு அரபு நாட்டில் மரவேலை. பரங்கிப்பேட்டையில் புருஷன் வேலை. அது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, லீவில் மட்டும். இந்தத் தடவை வந்து இறங்கியதும் மனைவி ஜொஹரா பீவி கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் போன மாதிரி, ஒரு சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர் உடனே சரி என்றார். சரி சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர்.

மறுநாள் கொல்லைக் கதவைப் பார்த்தார். மழையில் ஊறி வெயிலில் காய்ந்து, பலகை தொந்தி போட்டிருந்தது. தாழ்ப்பாள் எட்டவில்லை. ஜொஹரா தினமும் அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்குச் சுருக்கென்றது. கதவைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

வளைந்த பலகையின் குழிந்த பக்கம் காய்ந்து சுருங்கியிருக்கும். அதற்கு ஈரம் காட்டி, புடைத்த பக்கத்துக்கு வெயில் காட்டினால் நிமிரும். அரபு நாட்டில் ஒரு மத்தியானத்து வேலை. ஈரச் சாக்கின்மேல் குழிவு கீழாகக் கதவைப் படுக்க வைத்து, மணல் மூட்டை ஏற்றினார். சாயங்காலம் நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்தது. விடிவதற்குள் கடற்காற்றைக் குடித்துவிட்டு மறுபடி தொந்தி போட்டது.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் நனைத்தார், காய வைத்தார், புரட்டினார். ஒருநாள் ஜும்மாவுக்குப் போய்விட்டு வருவதற்குள் அது எதிர்ப்பக்கம் வளைந்துகொண்டது. மீன்காரி குப்பு எட்டிப் பார்த்து, “பாய், புள்ளயக் குளிப்பாட்டியாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். கதவில்லாத கொல்லை வாசலில் அவரே பாய் விரித்துக் காவலுக்குப் படுத்தார். ஜொஹரா உள்ளே தனியாகப் படுத்தாள்.

“கதவு கெடக்கட்டும் மச்சான். இன்னிக்குப் போவோமா?”

“நாளைக்குப் போலாம். இன்னிக்குக் காஞ்சிரும்.”

ஒரு சாயங்காலம் அவள் புர்கா மாட்டிக்கொண்டு வந்து நின்றதையும் பார்த்தார். வெயில் இறங்குகிறதே என்று பலகையைப் புரட்டப் போனார். திரும்பினபோது புர்கா கொக்கியில் தொங்கியது. அப்புறம் அவள் கேட்கவில்லை.

லீவு முடிகிற அன்று, பிடிவாதம் விட்டுப்போய், இரண்டு இரும்புப் பட்டையைக் கதவுக்குக் குறுக்கே வைத்துப் போல்ட்டு போட்டு முறுக்கினார். கதவு கச்சிதமாக மூடியது. டீ ஆறுவதற்குள் முடிந்த அந்த வேலையை முதல் நாளே செய்திருக்கலாம். மரத்துக்கு இரும்பு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று விட்டிருந்தார்.

ஜொஹராவைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினார்.

“நல்லாருக்கு மச்சான்.”

“வா, இப்பவே பீச்சுக்குப் போய்ட்டு வந்துடலாம்.”

“பெட்டி கட்டணுமே. ஏர்போர்ட் வண்டி வந்துரும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கெஞ்சியிருப்பார்.

அவரும் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் மடித்துக் கொடுத்த சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினார். மரத்தைப் பற்றி என்றால் நிறையப் பேசியிருப்பார்.