நேசனுக்காக நான் பேசிய பேச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். மனைவிக்கு இது கலியாணமான கையோடு தெரிந்துவிட்டது. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழர்களுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் உறுதியானது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு அயர்லாந்துக்காரன். நான் வேலை செய்யும் பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பிரெண்டன். அவனுடைய மாமா விசா முடிந்த பிறகும் பாஸ்டனில் வருடக்கணக்காகக் கூரை வேலை செய்கிறாராம். "பயமில்லை, எங்கள் அமைச்சர்கள் அமெரிக்கா போகும்போதெல்லாம் அவரைப் போன்றவர்களுக்காகப் பேசுகிறார்கள்" என்று சொல்லிச் சாண்ட்விச்சைக் கடித்தான். எனக்குப் புரையேறியது. களவாக இருக்கிறவனுக்கு அரசாங்கம் வக்காலத்தா! "நீயும் உன் அரசாங்கத்திடம் கேளேன்" என்றான். "அவர்களிடமிருந்து தப்பத்தானே நான் இங்கே அசூல் அடித்தேன், அகதித் தஞ்சம் கேட்டேன்" என்றேன். பெரிய பகிடியென்று நினைத்து மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

ஆனால் பொறாமை என்னை விடவில்லை. எங்களிடமும் ஒருவன் இருக்கிறானே, நேசன். அசூல் மனு நிராகரிக்கப்பட்டு, நாட்டை விட்டுப் போகச் சொன்ன நாளிலிருந்து எந்தப் பதிவும் இல்லாமல் வாழ்கிறவன். பொலிஸிடம் அகப்பட்டால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் நிலவறையில் படுக்கை, தமிழர் கொண்டாட்டங்களில் சமையல். நான் வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வாய் குழறி நின்றபோது, எனக்காகப் பேச ஒரு ஜெர்மன் பாதிரியார் வாய்த்தார். நேசனுக்கு நான் வாய்த்தேன்.

போன ஞாயிறு, இலங்கையிலிருந்து பெர்லினுக்குப் போகிற வழியில் ஒரு தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் எங்கள் மண்டபத்துக்கு வந்தார். கழுத்துப்பட்டி கட்டிப் போயிருந்த நான் ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டேன்.

"ஐயா, அயர்லாந்துக்காரர் தங்கட ஆக்களுக்காகக் கதைக்கினம். நீங்களும் பெர்லினில கதைக்கவேணும். இஞ்ச விசா இல்லாமல் ஒரு பொடியன் இருக்கிறான். பேர் சொல்லமாட்டன். ஆனா தங்கமான கை. இப்ப நீங்கள் சாப்பிடுற ரோல்ஸ்கூட..."

மண்டபமே திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தது. முகநூலில் நேரலை விட்டுக்கொண்டிருந்தவரின் கைபேசியும் திரும்பியது. உறுப்பினர் கையிலிருந்த ரோலை உயர்த்தி, "ஆ, நீரோ தம்பி! மேடைக்கு வாரும், ஒரு படம் எடுப்பம்!" என்றார். ஏப்ரன்தான் வாசலில் கிடந்தது. நேசன் இல்லை.

ரயில் நிலையத்தில்தான் அவனைப் பிடித்தேன். தோளில் ஒரேயொரு பை.

"வீடியோவை அழிப்பிச்சுப் போட்டன்" என்றேன்.

"அதுக்குள்ள எத்தினை பேர் பாத்தவையோ?"

எனக்குத் தெரியவில்லை. நிலவறைக்குத் திரும்பினால் இடம் கொடுத்த குடும்பத்துக்கும் வில்லங்கம் என்றான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பெர்லினிலிருந்து வந்த ரயிலை எங்கள் முன்னால் இரண்டாகக் கழற்றினார்கள். ஹம்மில் இது வழக்கம். ஒரு பாதி எஸ்ஸன் பக்கம் போகும், மறு பாதி வூப்பர்டால் பக்கம். அந்த இடைவெளிக்கு நேரே நாங்கள் நின்றோம், சட்டைப்பையில் ஜெர்மன் கடவுச்சீட்டோடு நானும், ஒன்றுமில்லாமல் அவனும்.

"எந்தப் பாதியில ஏறுறாய், தம்பி? நான் வந்து பாக்கிறன்."

"உங்களுக்குச் சொல்ல ஏலாது, அண்ணை."