முருங்கைக்காய் நறுக்கிய உளவாளி

கதை எழுதுகிறவர்கள்மேல் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தபோது வயது ஏழு. இன்றும் சொல்கிறேன், அந்தக் கோபத்தில் தப்பே இல்லை. யார்மேல் கோபப்பட்டேன் என்பதுதான் தப்பு.

அப்போது எழுபதுகள். சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் ஒருவர் கதைப் புத்தகங்களை வாடகைக்கு விடுவார். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் என்பதால் அக்காதான் எடுத்துவந்து வாசித்துக் காட்டுவாள். அப்படிக் கேட்டதுதான் உளவாளிப் பெண்ணின் கதை. அக்காவைப் போலவே அவளுக்கும் பதினாறு வயது. ஓடும் ரயிலின் கூரைமேல் ஓடுவாள். எதிரியின் வரைபடத்தை ஜடைக்குள் வைத்துப் பின்னிக்கொண்டு தப்பிப்பாள். நானும் ஒரு வாரம் ஜடைக்குள் புளியம்பிஞ்சை ஒளித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இரண்டாம் பாகம் வந்தபோது அக்கா பத்தாவது முடித்திருந்தாள். மெட்ராசுக்குப் போய் நர்ஸ் படிப்பேன் என்று சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அப்பா மணிமங்கலத்து மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. புதுப் பாவாடை கிடைக்கும் என்பது மட்டும் தெரியும்.

கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கப்பலேறிப் போய் பகைவனைப் பிடித்து வா என்று அவளுக்கு உத்தரவு வருகிறது. வீட்டிலோ கல்யாணம் பேசுகிறார்கள். அந்த இடத்தில் அக்கா கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். உளவாளிப் பெண் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாலிக்குக் கழுத்தை நீட்டினாளாம். மாமியார் வீட்டில் முருங்கைக்காய் நறுக்கினாளாம். சாம்பாரை எல்லாரும் மெச்சினார்களாம். முற்றும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயில் கூரைமேல் ஓடினவளுக்குச் சாம்பாரா? முதல் பாகம் எழுதியபோது இருந்த புத்தியை அந்த ஆள் எங்கே தொலைத்தான்?

“இன்னாக்கா இது? கப்பல் இன்னாச்சி?”

“அது போயிருக்கும், வுடு. கதைன்னா அப்டித்தான்.”

மறுநாள் கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் கிளம்பிய அப்பாவோடு நானும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வருவதற்குள் அவர் டீ குடிக்கப் போக, நான் புத்தகக்காரரிடம் சண்டைக்கு நின்றேன்.

“மொதோ பாகம்தான் கதை. இது குப்பை. ஒயுங்கா இருந்தவ, சாம்பார் வெச்சிகினு கீறா!”

“இன்னா பாப்பா ஒளர்றே? கல்யாணம் வேணான்ட்டு கப்பலேறிப் போறா. அவன புட்ச்சிகினு வந்து மெடல் வாங்குறா. மொத பாகத்தவிட இதுதான் ஜோரு.”

“நீ படிக்கவே இல்லண்ணே. எங்கக்கா படிச்சிது. எங்கக்கா பொய் சொல்லாது.”

அவர் சிரித்தார். படிக்காமலே புத்தகத்தை வாடகைக்கு விடுகிற இந்த மனிதர்மேல் என் ஆத்திரம் இரண்டு மடங்கானது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அக்காவிடம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். புதுப் புடவை பிரிக்காமல் அவள் மடியில் கிடந்தது.

“நீ இன்னா சொன்ன அவராண்ட?”

“எங்கக்கா பொய் சொல்லாதுன்னேன்.”

அவள் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பாவம், கதையைக் கெடுத்தவன்மேல் இவளுக்கும் அவ்வளவு கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, “அழாதக்கா, ரெண்டு பேருமா சேந்து அவனத் திட்லாம்” என்றேன்.