உப்புத் தரையில் ஓடிய பனிவண்டி

எண்பதுகளின் நடுவில் நான் துபாயில், அல் குசைஸ் பகுதியிலிருந்த ஒரு கார் பட்டறையில் லேத் வேலை பார்த்தேன். கோயம்புத்தூரில் பத்து வருடம் லேத்தில் நின்றுவிட்டுப் போனவன். பட்டறை முதலாளியை எல்லோரையும் போல நாங்களும் அர்பாப் என்றே கூப்பிட்டோம். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால் அரபியும் இந்தியும் கலந்து வரும்.

ஒரு டிசம்பர் மாதம் அவர் பெயருக்கு ஒரு பெரிய மரப்பெட்டி கப்பலில் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பனியில் ஓட்டும் வண்டி. அதற்கு முந்தைய வருடம் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அவர் கனடா போயிருந்தார். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு எதிரே ஒரு ஏரி. அது உறைந்து கிடந்த நாட்களில் ஆட்கள் அதன்மேல் இந்த வண்டியில் விரைவதைப் படுக்கையிலிருந்தே பார்த்திருக்கிறார். நடக்க முடியாமல் கிடந்த மனிதருக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைக்கிறேன். அவர் அப்படியெல்லாம் சொல்லவில்லை. "இது இங்கே ஓடணும்" என்று மட்டும் சொன்னார்.

வண்டிக்குச் சக்கரம் கிடையாது. பின்னால் அகலமான ரப்பர் பெல்ட் சுற்றி வண்டியைத் தள்ளும். முன்னால், நுனி வளைந்த இரண்டு பலகைகள். ஸ்கீ என்று பெயர். ஹேண்டிலைத் திருப்பினால் அவை திரும்பும். பெட்டியில் ஸ்கீக்கள் தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பூட்டியவன் நான்தான்.

பனியை நானும் கண்டதில்லை, பட்டறையில் வேறு எவரும் கண்டதில்லை. மணல்மேட்டில் இது புதைந்துவிடும் என்றும், கடலோரத்து உப்புத் தரைக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னவர் அர்பாபின் ஓட்டுநர். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரர், என் வயதுதான். என்னை அண்ணே என்பார், நானும் அவரை அண்ணே என்பேன். வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அது நியாயமான கர்வம். அந்த உப்புத் தரை, காலையில் பனித்துளி காய்வதற்கு முன், சோப்புக் கட்டி போல வழுக்கும். பெல்ட்டுக்கு உள்ளே உரசிச் சூடாகும் பிளாஸ்டிக் பட்டைகளைக் குளிரவைக்கப் பனி இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவரே ஒரு தண்ணீர் கேனைப் பின்னால் கட்டி, குழாய் வழியாகப் பட்டைமேல் சொட்டுச்சொட்டாக விழும்படி செய்துவிட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை காலையில் நானும் ஓட்டுநரும் மட்டும் போனோம். வண்டி நன்றாகவே ஓடியது. திரும்பத்தான் மாட்டேன் என்றது.

"ஹேண்டில திருப்புனா முன்னாடி பலகை திரும்புதுண்ணே. வண்டி அது பாட்டுக்கு நேராப் போவுது" என்றார்.

ஸ்கீக்களின் அடியில் விரல் தடிமனில் ஒரு எஃகுக் கம்பி நீளவாக்கில் பூட்டியிருக்கும். தரையைப் பிடிப்பது அதுதான். பெட்டியில் மூன்று ஜோடிக் கம்பிகள் வந்திருந்தன. ஒன்று வெறும் எஃகு. அதைத்தான் முதலில் மாட்டியிருந்தோம். இரண்டாவதில் நான்கு விரல் நீளத்துக்குக் கார்பைடு பதித்திருந்தது. மூன்றாவதில் ஒரு சாண் நீளத்துக்கு. கார்பைடு எனக்குப் புதிதல்ல. லேத்தில் இரும்பைச் சீவும் உளிமுனை அதுதான். எஃகையே வெட்டும் பொருள் உப்புத் தரையைப் பிடிக்காதா? நீளம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று கணக்குப் போட்டு, யாரையும் கேட்காமல் ஒரு சாண் கம்பியை மாட்டினேன். முனை கொஞ்சம் மழுங்கலாகத் தெரிந்ததால் பச்சைச் சாணைக்கல்லில் தீட்டியும் விட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி திரும்பியது, அழகாகவே திரும்பியது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஆனால் ஓட்டுநர் இறங்கி வந்து கையை உதறிக்கொண்டார்.

"ஹேண்டில் ரொம்ப கனமா இருக்குண்ணே. அதுகூடப் பரவால்ல. கார் போன தடம் எங்க கண்டாலும் இது அதுக்குள்ள பாயுது. நா ஒரு பக்கம் இழுக்குறேன், அது ஒரு பக்கம் இழுக்குது."

"இறுக்கிப் பிடிங்க. புதுசு இல்லையா, பழகணும்" என்றேன்.

"இல்லண்ணே, இது பழக்கத்துல வர்றது இல்ல."

"லேத்துல உளிய லூசாப் பிடிச்சாலும் இப்படித்தானுங்க தாவும்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேனைக் கழற்றப் போனார். வேலை தெரிந்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டிருக்கலாம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அர்பாப் வந்தார். மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் ஒரு சுற்று நிதானமாகப் போய்வந்தார். இரண்டாவது சுற்றில், ஏதோ ஒரு லாரி ஈரத்தில் பதித்துப்போன ஆழமான தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. இடது ஸ்கீ அதற்குள் இறங்கியது. வண்டி அப்படியே அந்தத் தடத்தின் வழியே சடாரென்று திரும்பியது. அவர் மட்டும் நேராகப் போய் விழுந்தார். நான் ஓடிப் போனபோது உப்புப் படிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வலது தோள் கீழே தொங்கியது. கழுத்தோரத்துக் காறை எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அர்பாப், "வேகம் ஜாஸ்தி" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. முன்சீட்டில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநர் வேகமாகப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரத்திலேயே வேறொரு ஆள் அர்பாபின் காருக்கு வந்துவிட்டான். எலும்பு சேர்ந்த பிறகு ஓட்டுநருக்குப் பட்டறை வாசலில் காவல் வேலை என்று பேச்சு அடிபட்டது.

நான்கு நாள் நான் சும்மா இருந்தேன். பயம் என்று சொல்வதற்கில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. அப்படி இருப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. சாப்பிட்டேன், தூங்கினேன், ஒரு லாரியின் அச்சுக்குப் புஷ் வளையம் கடைந்து கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் ஆபீஸ் கிளார்க் என் லேத்துப் பக்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. கையில் வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. காப்பீட்டுக் காகிதத்துக்காக அதைப் புரட்டியிருக்கிறார்.

"இதை நீங்கள் வாசிச்சனீங்களோ?" என்றார்.

"படத்தைப் பார்த்துப் பூட்டினேன்."

"ஒருக்கா கேளுங்கோ" என்று ஒரு பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். வண்டி தானாக அங்கும் இங்கும் பாய்ந்தால் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். கார்பைடு தேவைக்கு மேல் நீளமாகவோ கூர்மையாகவோ இருந்தால், முன்னால் போன தடத்தையெல்லாம் அது கவ்விக்கொள்ளும். அப்போது நீளம் குறைந்ததை மாட்ட வேண்டும். இரண்டாவது, ஸ்கீக்களின் முன் நுனிகள் ஒன்றை ஒன்று பார்த்து உள்பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. மயிரிழை வெளிப்பக்கம் விரிந்திருப்பதே நல்லது.

டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். ஸ்கீக்களின் முன்பக்க இடைவெளியை அளந்தேன். பின்பக்கத்தை அளந்தேன். முன்பக்கம் இரண்டு விரல் குறைவாக இருந்தது. மறுபடி அளந்தேன். அதே அளவு.

"விழுந்ததிலை வளைஞ்சிருக்குமோ?" என்று கேட்டார்.

ஹேண்டிலையும் ஸ்கீக்களையும் இணைக்கும் கம்பிகளைத் தடவிப் பார்த்தேன். எதுவும் வளையவில்லை. அவற்றை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டுகள் நான் இறுக்கியபடியே இருந்தன.

"இல்லைங்க. நான் பூட்டினதே இப்படித்தான்" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடினார். "அப்ப விழுந்த அந்தாளிட்டைச் சொல்ல வேணும்" என்றார். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

அன்று டூட்டி முடிந்ததும் ஓட்டுநரின் அறைக்குப் போனேன். வலது கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டு, இடது கையால் ஒரு ஆரஞ்சை உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கி உரித்துக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி தேர்ந்தெடுத்தது, தீட்டியது, பூட்டியது, காரில் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் தோன்றியது.

அவர் இரண்டு சுளை சாப்பிட்டார்.

"நா அன்னைக்கே சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"எலும்பு சேந்துரும்ணே. நா வேகமாப் போவல. அத அர்பாப்ட சொல்லிருங்க. அது போதும்."

மறுநாள் கிளார்க்கையும் கூட்டிக்கொண்டு அர்பாபின் அறைக்குப் போனேன். என் இந்தி இதற்குப் போதாது. நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, கிளார்க் அரபியில் சொன்னார். நான் சொல்லாத எதையும் சேர்க்கவில்லை, சொன்ன எதையும் மழுப்பவுமில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அர்பாப் டீயைக் குடித்து முடித்தார். வேலை போய்விட்டது, ஊருக்கு டிக்கெட் என்றுதான் நினைத்தேன்.

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன்.

"பண்ணு. வெள்ளிக்கிழமை நீ ஓட்டு. கலாஸ்." பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஊரில் ஒரு மொபெட் ஓட்டியதோடு சரி, நான் வேறெதுவும் ஓட்டியவன் இல்லை. அதைச் சொல்லாமல் ஷெட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கு முந்தைய இரண்டு நாளும் அந்த வண்டியோடுதான் இருந்தேன். நான்கு விரல் கார்பைடு இருந்த கம்பியை மாட்டினேன். அதைத் தீட்டவில்லை, வந்தபடியே விட்டேன். நீளமான பலகை ஒன்றைப் பெல்ட்டோடு ஒட்டி வைத்து நேர்கோடு பிடித்து, ஒவ்வொரு ஸ்கீயையும் அதற்கு இணையாகக் கொண்டுவந்து, பிறகு முன் நுனிகளை ஒரு நூல் அளவு வெளியே தள்ளி நட்டுகளை இறுக்கினேன். கிளார்க்கை அழைத்து டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். அளவை நான் வாசிக்கவில்லை, அவரை வாசிக்கவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அர்பாப் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநரும் வந்திருந்தார், யாரும் அழைக்காமலே. இடது கையால் கேனில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"முழங்கைய விறைச்சு வைக்காதீங்க. தடம் வந்தா ஆக்சிலேட்டர விடாதீங்க, அப்படியே போங்க."

போனேன். முதலில் வளைவுகள். ஒரு சாண் கம்பி திருப்பிய அளவுக்கு இது சட்டென்று திருப்பவில்லை. ஆனால் சொன்னால் கேட்டது. பிறகு அந்த லாரித் தடம் வந்தது. காய்ந்து இன்னும் கெட்டியாகியிருந்தது. முழங்கையைத் தளர்த்தி அதை நோக்கிப் போனேன். ஸ்கீக்கள் அதைத் தொட்டபோது ஹேண்டில் ஒரு தரம் சிலிர்த்தது, அவ்வளவுதான். கடந்து அந்தப் பக்கம் போயிருந்தேன். நம்பாமல் திரும்பி வந்து சாய்வாக ஒருமுறை கடந்தேன். வண்டி என்னோடு வந்தது. நாலைந்து தரம் போய்வந்திருப்பேன். எதற்கு அத்தனை தரம் என்று தெரியவில்லை.

இறங்கியபோது அர்பாப் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். ஓட்டுநரைப் பார்த்து, கையைக் காட்டி, "எத்தனை நாள்?" என்றார்.

"ஆறு வாரம்."

"அப்புறம் கார் ஓட்ட வா."

அந்தக் குளிர்காலம் முடியும் வரை அர்பாப் தானே அந்த வண்டியை ஓட்டினார். வேகமெல்லாம் இல்லை. கடற்கரையை ஒட்டி நீளமாகப் போவார், நெடுநேரம் கழித்து வருவார். ஏப்ரலில் தரை காய்ந்து பொடியாகிவிட்டது. வெயிலில் பெல்ட் வெடிப்பு விட்டது. மறு வருடம் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஓட்டுநர் சொன்ன கணக்குக்கு ஒரு வாரம் முன்னதாகவே காருக்குத் திரும்பினார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது மட்டும் முகம் சுளிப்பார். நாங்கள் அங்கே இன்னும் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். இடையில் நானும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. ஒரே ஒரு வித்தியாசம். அதன்பிறகு அவர் ஏதாவது காரைக் கொண்டுவந்து, "ஒரு பக்கமா இழுக்குதுண்ணே" என்றால், நான் பதில் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு முதலில் அதை ஓட்டிப் பார்க்கப் போவேன்.