விளக்கைப் போட்டு அணைக்கச் சொன்னவள்

எங்கள் கண்காணிப்பு அறையில் அவளுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர். வைத்தது நான்தான். நெட்வொர்க் பார்க்கிற ஆள் நான். எதற்கெடுத்தாலும் ஒருத்தி வந்து, "அண்ணா, திரை மெதுவா வருது, கொஞ்சம் பாருங்களேன்" என்று பக்கத்தில் நின்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எங்கள் கம்பெனி தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிறது. பல இடங்களில் கொட்டகைகள். ஒட்டிய டயர்களை ஆள் நுழையும் அளவு பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவைப் பூட்டி, சூட்டிலும் காற்றழுத்தத்திலும் வேகவைப்பார்கள். வெந்ததும் காற்றை வெளியேற்றுவார்கள். அழுத்தம் பூஜ்யம் ஆனபிறகுதான் கதவில் கை வைக்கலாம். மிச்சம் இருந்தால் கதவு ஆளையும் தூக்கிக்கொண்டு போய்விடும். உருளையில் இருந்த முள் மீட்டர் எந்தக் காலத்திலோ செத்துவிட்டது, மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. உள்ளே இருக்கும் அழுத்தம் விபிஎன் என்கிற தனி இணைய வழியாக எங்கள் திரைக்கு வரும். அவள் பார்த்து, போனில் "பூஜ்யம்" என்றால் அங்கே திறப்பார்கள்.

மூன்றாவது கொட்டகையில் கதவு திறக்கிறவர் அவள் வீட்டுக்காரர். அவருக்கு முன்னால் அந்தக் கதவில் நின்றவருக்கு ஒரு கை போய்விட்டது. அதைக் கேள்விப்பட்ட மறுநாளே தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு இந்த வேலைக்கு மனுப் போட்டாளாம். "அவர் கை வைக்கிற கதவை வேற யாரோ பாத்து சொல்றதா? நானே பாத்துக்கறேன்" என்பாள்.

பார்த்தும் நம்ப மாட்டாள். உருளைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு உண்டு. அதைப் போட்டால் எங்கள் திரையிலும் ஒரு புள்ளி மஞ்சளாகும். கதவு திறக்கும் முன் போன் செய்து, "விளக்கைப் போடுங்க" என்பாள். புள்ளி உடனே மாறினால் எண்ணும் உடனுக்குடன் வருகிறது என்று கணக்கு. அதன் பிறகுதான் "பூஜ்யம்" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரும். அவரும் விட மாட்டார். "வீட்ல லைட்டை அணை அணைன்னு உயிரை வாங்குற, இங்க வந்தா போடு போடுங்கற" என்பார். கொட்டகையில் அவருக்கு 'லைட்டு மாப்பிள்ளை' என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

அன்று காலையில் அதற்குத்தான் சண்டை. "இனிமே லைட்டு கீட்டுன்னு போன் பண்ணாத, மானம் போகுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மதியம் அந்தக் கொட்டகை சூப்பர்வைசர் போன் செய்தார்.

"மேடம், எவ்வளவு காட்டுது?"

விளக்கைக் கேட்க வாயெடுத்தவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். "பூஜ்யம்" என்றாள்.

"நல்லது. சூடு பத்தலையோன்னு கதவைத் தொறக்காம மறுபடி காத்து ஏத்துனோம். ரெண்டாவது தடவையும் நல்லா எறங்கிடுச்சு." போனை வைத்துவிட்டார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இங்க வாங்க" என்றாள். குரலே சரியில்லை.

அழுத்தம் ஏறி இறங்கினால் திரையில் கோடு ஒரு மேடு போடும். இரண்டு தடவை ஏற்றியிருந்தால் இரண்டு மேடு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது இன்னும் வந்தே சேரவில்லை. அவள் சொன்னது முதல் தடவையின் பூஜ்யம்.

சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரரும் எடுக்கவில்லை. பேசி முடித்துக் கதவுப் பக்கம் போகும்போது எல்லாரும் போனை அலமாரியில் வைத்துவிடுவார்கள். "நான் சொல்லிட்டேனே அண்ணா, என் வாயாலயே சொல்லிட்டேனே" என்று புலம்பிக்கொண்டே மறுபடி மறுபடி அழைத்தாள். அவசரத்தில் ஒரு தடவை வேறு யாருக்கோ போனது.

நான் இணைய வழியைச் சோதித்தேன். அந்தக் கொட்டகையிலிருந்து வருவது அடைத்துக்கொண்டு கிடந்தது. யார் வேலை செய்கிறார்கள், யார் சும்மா நிற்கிறார்கள் என்று வீட்டிலிருந்தே பார்க்க முதலாளி அன்று காலை கேமராக்கள் மாட்டியிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை படமும் எங்கள் வழியிலேயே வந்துகொண்டிருந்தது. அழுத்தத்தின் எண்கள் அதன் பின்னால் வரிசையில் நின்றன. பாழாய்ப்போன கேமரா அத்தனையையும் துண்டித்தேன்.

தேங்கியதெல்லாம் மளமளவென்று வந்து கொட்டியது. கோடு ஏறியது. இரண்டாவது மேடு. ஏறியது ஏறியபடியே நின்றது, இறங்கவே இல்லை. காற்று வெளியேறும் குழாயை ரப்பர் தூள் அடைத்திருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்போது மஞ்சள் புள்ளி வந்தது. அணைந்தது. மறுபடி வந்தது.

"விளக்கைப் போடறாரு" என்றாள். உடனே முகம் வெளுத்தது. "இது எப்ப போட்டது அண்ணா?"

எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் பழையவை. போட்டுவிட்டுக் கதவுக்குப் போயிருக்கலாம். கோடு இந்த நிமிடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது செங்குத்தாக விழுந்தால் கதவு போய்விட்டது என்று அர்த்தம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

போன் அடித்தது. அவர்தான். அலமாரிக்குப் போய் போனை எடுத்திருக்கிறார்.

"லைட்டைப் போட்டுப் போட்டு கையே வலிக்குது. தெரியுதா இல்லையா? இந்த சூப்பர்வைசர் பூஜ்யம் பூஜ்யம்னு குதிக்கறாரு. லைட்டு கேக்காம நீ பூஜ்யம் சொல்ல மாட்டியே, அதான் தொறக்கல."

அவள் திரையைப் பார்த்தாள். கோடு அப்போதும் உச்சியிலேயே இருந்தது.

"உள்ள முழுசா காத்து இருக்குங்க" என்றாள். "எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போங்க. போகும்போது லைட்டை அணைச்சிட்டுப் போங்க."

"பாத்தியா, வீட்ல சொல்ற மாதிரியே சொல்ற" என்றார்.

திரையில் புள்ளி அந்த நொடியே அணைந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.