பைலட் வீட்டுக் காதுகுத்து

விமானம் ஓட்டுகிற வேலையில் கை காலைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். அதுவும் அயல்நாட்டு விமான நிலையத்தில் இறங்கும்போது, கீழேயிருந்து ரேடியோவில் ஒருவர் உயரம், வேகம், திசை என்று தன் ஊர் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொல்லுவார். ஒரே தடவையில் அதை வாங்கி, பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன்படி செய்யவும் வேண்டும். எனக்கு வளைகுடாவில் வேலை, ஆலங்குடியில் வீடு. மனைவி தேன்மொழி அங்கே அரசுப் பள்ளி டீச்சர் என்பதால் அவளும் மகள் நிலாவும் அங்கே, நான் இங்கே. மூன்று வயதில் குத்தியிருக்க வேண்டிய நிலாவின் காதை, எனக்கு லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிப்போட்டதில் அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. லீவு கேட்டு மேலிடத்தின் முகத்தைப் பார்த்து நின்ற சக பாவிகளே, இதையெல்லாம் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ம்

எரிக் என்னுடைய துணை விமானி, நார்வேக்காரர். அவரோடு போன முதல் பயணத்தில், இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது காற்று திசை மாறிவிட்டது. வேறு ஓடுபாதையில் இறங்க முடியுமா என்று கீழேயிருந்து கேட்டார்கள். பாதை மாறினால் கம்ப்யூட்டரில் போட்டதையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட வேண்டும். பந்தியில் இலை போட்ட பிறகு மண்டபத்தை மாற்றுகிற மாதிரி.

ஒத்துக்கொள்ளட்டுமா என்றார் எரிக். நான் வேலை மும்முரத்தில் "ம்" என்றேன். அவர் மறுபடி கேட்டார். நானும் மறுபடி "ம்" என்றேன். எங்கள் பக்கம் ஒரு 'ம்'மில் கல்யாணமே பேசி முடித்துவிடுவார்கள். எரிக் ரேடியோவில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்: "கேப்டன், இது சம்மதமா, வயிற்று வலியா?"

அவர்கள் ஊர், அவர்கள் பேச்சு

சில நாடுகளில் எங்களிடம் இங்கிலீஷில் பேசுகிறவர், அந்த நாட்டு விமானிகளிடம் தாய்மொழிக்கு மாறிவிடுவார். நமக்கு முன்னால் யார் போகிறார், பின்னால் யார் வருகிறார் என்று ரேடியோவைக் கேட்டுத்தான் மனதில் கணக்குப் போட்டு வைத்திருப்போம். மொழி மாறினதும் அது அறுந்துபோகும். ஒரு நாள் அப்படித்தான், முன்னால் போனவரும் கீழே இருந்தவரும் அவர்கள் மொழியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்கு வந்தது எரிச்சல் இல்லை, பொறாமை. முன்னால் போனவர் தன் வீட்டுக்குப் போகிறார், அது குரலிலேயே தெரிந்தது. ரேடியோவில் யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை, "வாங்க, இங்கிட்டு எறங்குங்க" என்று சொல்ல மாட்டாரா என்று ஏங்கிப் போனேன்.

அந்த ஏக்கத்தில் எனக்குச் சொன்ன உயரத்தைக் கோட்டை விட்டுவிட்டேன். திரும்பச் சொல்லுங்கள் என்றேன். திரும்பச் சொன்னதும் புரியவில்லை, இன்னொரு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கீழே இருந்தவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி முடித்து, "நான் மெதுவாகச் சொல்கிறேன், நீங்களும் மெதுவாகவே வாருங்கள்" என்றார்.

திருப்பிச் சொல்லுதல்

மூன்றாவது தடவையாகத் தேதி குறித்துவிட்டுத் தேன்மொழி போன் செய்தாள். "வர்ற புதன்கெழம, காலைல ஒம்பதுலேருந்து பத்தரைக்குள்ள, நம்ம குலசாமி கோயில்ல. அண்ணன் சீரெல்லாம் வாங்கிட்டாங்க. இனிமே தள்ளக் கூடாதுங்க" என்றாள்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அப்பனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, சும்மா பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். எனக்கு அந்த நிற்கிற வேலைதான் வேண்டும். செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு ஊருக்குப் போய் வந்துவிட்டால் அன்றிலிருந்து லீவு; சாயங்காலம் திருச்சி விமானத்தைப் பிடித்தால் விடிவதற்குள் வீடு. இவ்வளவையும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டு, வாயால் மட்டும் பழக்க தோஷத்தில், "புதன்கிழமை, ஒன்பது டு பத்தரை, கோயில்" என்றேன். தேன்மொழி சொன்னாள்: "நான் சொன்னதத் திருப்பிச் சொல்லச் சொல்லலைங்க. வருவீங்களான்னு கேட்டேன்."

செவ்வாய்க்கிழமை

போன ஊரில் மூடுபனி. மேலேயே வட்டமடிக்கச் சொன்னார்கள். ஏழெட்டு விமானங்கள், நாலைந்து மொழிகள், எல்லாரும் ஒரே ரேடியோவில். எரிக் ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே எரிபொருளைக் கணக்குப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் இறங்கப் போன ஒருவர் ஓடுபாதை தெரியாமல் மேலே ஏறிவிட்டார். "இன்னொரு வட்டம் போட்டுப் பார்ப்போமே" என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. கணக்குப்படி கொஞ்சம் இடமும் இருந்தது. ஆனால் அதைச் சொன்னது கேப்டன் இல்லை, காதுகுத்துக்கு அவசரப்படுகிற அப்பன் என்று தெரிந்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது. பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பக்கத்து நாட்டு விமான நிலையத்துக்குத் திருப்பினோம். இறங்கும்போது எங்கள் வேலை நேரம் முடிந்துவிட்டது; இனி ஓய்வு எடுக்காமல் ஓட்ட முடியாது. சாயங்கால விமானம் போச்சு, புதன்கிழமையும் போச்சு. விமானத்தின் வாசலில் நின்று பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஓர் அம்மா என் சட்டைத் தோளில் இருந்த கேப்டன் பட்டைகளைப் பார்த்தார். "உங்களுக்கு எங்கே இறங்கினாலும் வேலைதான். எங்களுக்கு வீட்டில் ஆள் காத்திருக்கிறது."

வியாழக்கிழமை

புதன்கிழமைக் காதுகுத்தை ஓட்டல் அறையில் போனில் பார்த்தேன். கோயிலில் சிக்னல் சரியில்லை, படம் நின்று நின்று வந்தது. மாமன் மடியில் நிலா வாயைத் திறந்தது தெரிந்தது, அழுகை கேட்கவில்லை. அதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தேன்மொழி சாப்பாடு போட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. நிலா வந்து என் மடியில் உட்கார்ந்து இரண்டு காதையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சிவந்து வீங்கியிருந்தது, நடுவில் துளியூண்டு தோடு. வலித்ததா என்றேன். "ரொம்ப வலிச்சுச்சு" என்றாள். தோட்டைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டாள்: "இன்னொரு தடவ குத்தச் சொல்லுவமாப்பா? நீதான் பாக்கலைல."