சட்டைப்பையில் இருந்த சீட்டு

என் அப்பா எல்லைப் போராட்டத்தில் அடிபட்டவர். போலீஸ்காரன் லத்தியை ஓங்கிக்கொண்டு கேட்டபோதும் பெயரையும் ஊரையும் மறைக்காமல் சொன்னாராம். பாறசாலையில் எங்கள் குடும்பத்துக்கு அது ஒரு பெருமை. அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த நான், பெண்டாட்டியின் மார்புப் புற்றை ஊருக்குத் தெரியாமல் மறைத்தேன். மகளுக்கு ஒற்றசேகரமங்கலத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்குக் கேன்சர் என்றால் மகளை எவன் கட்டுவான் என்ற ஒரே ஞானம்தான் அன்று என் மண்டையில் இருந்தது.

கொரோனா வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. இதை எழுதவே கை கூசுகிறது. வீட்டுக்கு யாரும் வரவில்லை. முடி கொட்டிய தலையை முக்காடு மறைத்தது.

டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தந்தார். புற்றுநோயாளி என்று அதைக் காட்டினால், வயது வரிசைக்குக் காத்திருக்காமல் தடுப்பூசி முதலிலேயே கிடைக்கும். அடுத்த கீமோவுக்கு முன்னால் போட்டுவிட வேண்டும், வீட்டிலுள்ளவர்களும் முடிந்த அளவு சீக்கிரம் போட வேண்டும் என்றார். முழுக் காவல் என்று சொல்ல முடியாது, ஆனாலும் இந்த உடம்புக்கு அந்தக் காவலாவது வேண்டும் என்றார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் ஊசிக்குப் பட்டியல் எடுக்க, சுகாதார வேலையாக வீடு வீடாக வரும் ஆஷா பெண் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, இங்க ஆருக்காவது கேன்சர், சுகர் அப்படி வல்லதும் உண்டா? உண்டுன்னா ஊசி முதல்லயே போடலாம்."

வேலியோரம் பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தால் நெய்யாற்றின்கரை வரைக்கும் தண்டோராவே வேண்டாம்.

"ஒண்ணும் இல்ல மக்கா" என்றேன்.

உள்ளேயிருந்து பெண்டாட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊசி போட்டா எனக்கு ஒரு தைரியம் ஆக்கும். நானே போய்ச் சொல்லட்டா?"

"கல்யாணம் உறுதியாகட்டு. அதுவரைக்கும் வாய மூடிட்டு இரி."

அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. எனக்கென்ன கேடு என்று நானும் ஊசி போடவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசி முடிக்கப் போய்வந்த மூன்றாம் நாள் எனக்கு இருமல் வந்தது. ஐந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். எனக்கு ஒரு வாரத்தில் சுகமாகிவிட்டது. அவளை ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக்கில் சுற்றித் தந்தார்கள். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க மாப்பிள்ளையின் அம்மா வந்தார்.

"அண்ணாச்சி, எங்களுக்கு முதல்லயே தெரியும். என் தங்கச்சிக்கும் இதே சூக்கேடு ஆக்கும். கீமோ போடுத எடத்துல மதினியப் பாத்துருக்கா. நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்."

"தங்கச்சி இப்ப எப்படி இருக்கா?"

"சுகமா இருக்கா. சீட்டைக் காட்டி அப்பவே ஊசி போட்டாச்சுல்லா."

கல்யாணத்துக்கு அந்தத் தங்கை வந்திருந்தாள். முடி குட்டையாக வளர்ந்திருந்தது, முக்காடு போடவில்லை. போட்டோ எடுக்கும்போது, "தாயில்லாத பிள்ளைல்லா, நான் நிக்கேன்" என்று என் பெண்டாட்டி நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றாள். அவள் பக்கத்தில் நானும் நின்றேன்.