விற்றுப்போன தாப்லோ

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காப்பிக்கடை அண்ணன் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, உங்க தாப்லோ வித்துப்போச்சி. கப்பலேறி ஊருக்குப் போற பிரெஞ்சுக்கார மதாம் ஒருத்தங்க வாங்கிட்டாங்க."

பையைப் போட்டுவிட்டு அவர் கடைக்கு ஓடினேன். படகு திரும்பாத நாளில் கரையில் நிற்கும் பெண்கள். நான்கு வருடம் வரைந்து, விற்பதற்காக அவர் கடையில் மாட்டியிருந்த படம். அதில் ஒருத்திக்கு, போன வருடம் இறந்துபோன என் மனைவியின் முகம்.

"வித்துட்டோம்" என்று வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

படம் அதே ஆணியில் தொங்கியது. வாசலில் இருந்த விலைப்பலகைதான் இல்லை. பிரெஞ்சு கலந்து பேசும் நம் ஊரில் படமும் தாப்லோ, கரும்பலகையும் தாப்லோ. இட்லி, வடை, காப்பி என்று அரை மணி நேரத்தில் நான் வர்ணத்தில் எழுதிக் கொடுத்த பலகை அது.

"எழுத்து அவ்ளோ அழகாம். பாரீசுல வூட்டுல மாட்டப் போறாங்களாம்," என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "படத்தையும் காட்டினேன். பாத்தா அழுகை வருதுன்னு திரும்பிக்கிட்டாங்க."

நாளைக்குள் புதுப் பலகை வேண்டுமாம்.

இந்த முறை வடைக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டுவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.